என் பெயர் பொறித்த இரவல் கோப்பை

தலைமை தாங்கும் கல்லூரி முதல்வர் அம்மையார் அவர்களே! முப்பது ஆண்டுகளாக என் பொறாமைக்கும் தலைமை தாங்கி வருபவரே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவரது அன்னையே! ஆன்றோரே, ஆசிரியப் பெருமக்களே, தாய்மார்களே, பரிசுக்குக் காத்திருக்கும் மாணவச் செல்வங்களே! உங்கள் அனைவருக்கும் இந்தத் துணிக்கடைக்காரனின் பணிவான வணக்கம்.

கட்டுரைப் போட்டியில் வென்றவர்களின் பெயர்ப்பலகையில் என் பெயரைப் பார்த்துவிட்டு, பரிசு வழங்க என்னை அழைத்தீர்கள். என்ன தம்பி, அதற்குள் கைதட்டலா? மிச்சம் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த அம்மையாரும் நானும் ஒரே வகுப்பு. நான் எழுதினால் ஆசிரியர் பிழை திருத்தித் தருவார். இவர் எழுதினால் அதே ஆசிரியர் எழுந்து நின்று வகுப்புக்கே வாசித்துக் காட்டுவார்! எனக்கு வயிறு எரியுமா, எரியாதா? எரிந்தது! பார்த்தால் எரிந்தது, பாராட்டினால் எரிந்தது, பக்கத்தில் உட்கார்ந்தாலே எரிந்தது!

போட்டி வந்தது. கல்லூரி வாசலில் ஒரு ஜெராக்ஸ் கடை. நகலெடுக்க வரும் நல்ல தாள்களில் கடைக்காரர் தனக்கென்று ஒரு நகல் ஒதுக்கி, வேண்டியவர்களுக்கு விற்பார். "புத்தம் புதுசு தம்பி, இன்னும் யார் கண்ணிலயும் படல" என்று ஒரு கட்டுரையை நீட்டினார். 'சூடு தாங்கிய கை' என்பது தலைப்பு. வாங்கினேன். என் கையெழுத்தில் எழுதினேன். திங்கட்கிழமையே கொடுத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அதே கட்டுரையைக் கொடுத்தார் இவர்!

அன்றைய முதல்வரின் அறை. மேசைமேல் இரண்டு கட்டுரைகள். எழுத்துக்கு எழுத்து ஒன்று! அப்போதுதான் எனக்கே தெரிந்தது, நான் வாங்கியது யாருடைய எழுத்து என்று. முந்திக் கொடுத்தவன் நான். ஆகவே பார்த்து எழுதியவர் இவராம்! இவர் அழவில்லை. "சார், அந்தக் கை எங்க அம்மாவோட கை சார்" என்றார். நான் வாய் திறந்தேனா? திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றேன். போட்டியிலிருந்து இவரை நீக்கினார்கள்.

விழாவில் வென்றவன் வாசிக்க வேண்டும் என்பது இந்தக் கல்லூரியின் வழக்கம். இதே மேடையில் வாசித்தேன். "தெருமுனையில் இஸ்திரி போடும் என் அம்மாவின் கையில் ஏழு தழும்புகள். ஒவ்வொரு தழும்புக்கும் நான் ஒரு வகுப்பு தேறினேன்..." அரங்கம் அழுதது, ஐயா! ஒருவர் மட்டும் அழவில்லை. அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் என் தாய். எங்கள் வீட்டில் இஸ்திரிப் பெட்டியே கிடையாது!

கோப்பையோடு வீட்டுக்குப் போனேன். அம்மா அதைத் தொடவில்லை.

"அதுல வர்ற அம்மா யாருடா?"

"தெரியாதும்மா." அதுவும் பொய்!

"யாரா இருந்தாலும் சரி, எனக்கு அவங்க மேல பொறாமையா இருக்குடா. இப்படி எழுதுற பிள்ளையைப் பெத்திருக்காங்களே."

மாணவச் செல்வங்களே! இன்று நீங்கள் கடைக்குக்கூடப் போக வேண்டாம். கைப்பேசியைத் தொட்டால் கட்டுரை வருகிறது. மதிப்பெண் வரும், மாலை வரும், மரியாதை வரும். ஆனால் பெற்ற தாய் உங்களை நிமிர்ந்து பார்ப்பாளா? 'இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்' என்பார்கள். என் கந்தை பிழை மலிந்ததுதான், ஆனாலும் என்னுடையது! அதை எறிந்துவிட்டு, முப்பது ஆண்டாக இவரைப் பார்த்துப் புழுங்குகிறேன். இன்றைக்கும் பொறாமைதான், ஒளிப்பானேன்?

இதோ, அந்தக் கோப்பை. முதல்வர் அவர்களே, பலகையில் என் பெயரை அழித்து உங்கள் பெயரை எழுதச் சொல்லுங்கள். இதையும் பெற்றுக்கொள்ளுங்கள்.

என்ன அம்மா? ஒலிபெருக்கியில் கேட்கவில்லை... அவையோரே, தலைவர் சொல்வதை அப்படியே சொல்கிறேன்: "கோப்பை கிடக்கட்டும். அந்தத் தாள் இருக்கா? அன்னிக்கே என்னோடதக் கிழிச்சுப் போட்டுட்டேன். எங்க அம்மா அதைக் கேட்டதே இல்ல."

இருக்கிறது அம்மா. கடையில் வாங்கிய அந்த நகலைக் கோப்பைக்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறேன்.

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்களுக்கு நன்றி. கைதட்டாமல் இருக்கும் தம்பிகளுக்கு இரட்டை நன்றி. முன்வரிசையில் இருக்கும் தாயே, உங்கள் கைகளுக்கு என் வணக்கம். வென்றவர் வாசிக்க வேண்டும் என்பது இந்தக் கல்லூரியின் வழக்கம். ஒலிபெருக்கியை அவரிடம் கொடுத்துவிட்டு அமர்கிறேன்.