அறிக்கையின் ஒன்பதாம் பக்கம்

அந்த நாற்காலி வேண்டாங்க, இதுல உக்காருங்க. அது பழைய மரப்பெட்டிய உடைச்சு செஞ்சது. மறுசுழற்சி. போட்டோல அழகா இருக்கும், உக்காந்தா ஆளத் தள்ளி விட்டுரும். போன தடவை உங்க இடத்துல வந்த ஆய்வாளர் அதுலதான் விழுந்தார். விழுந்தும் பசுமைச் சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போனார், நல்ல மனுஷன்.

மேனேஜர் வர அரை மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் உங்களப் பேசிப் பிடிச்சு வைக்கணும், மீன் தொட்டியக் காட்டணும், நீங்க வேற பக்கம் நடந்தா நானும் கூடவே நடக்கணும். எனக்குக் குடுத்த வேலை அவ்வளவுதான். இன்னிக்கு உங்க கையெழுத்து விழுந்துருச்சுன்னா இன்னும் மூணு வருஷத்துக்கு இந்த ஆலைக் கதவ யாரும் தட்ட மாட்டாங்கல்ல.

ஆமா, உங்க கையில இருக்கற அறிக்கை நான் எழுதினதுதான். ஆறு வருஷமா நான்தான் எழுதறேன். துணிக்குச் சாயம் போடற இடத்துல சுற்றுச்சூழல் அதிகாரின்னு ஒருத்தர் இருக்கணுமே, அது நான். படிச்சதும் அதேதான், ரெண்டு பட்டம். சேந்த அன்னிக்கே முதலாளிக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தேன். இன்னிக்கு நம்ம தேவைக்கு எடுத்துக்கறப்போ அடுத்த தலைமுறைக்கும் மிச்சம் வைக்கணும் சார், நிலைத்த வளர்ச்சின்னா அவ்வளவுதான்னு சொன்னேன். அவருக்குக் கண்ணே கலங்கிருச்சு. மறு வாரமே தன் பையன டைரக்டராக்கிட்டார்.

சிரிச்சுக்கோங்க, தப்பில்ல.

மரமா? நாலாம் பக்கத்துல அறுநூறுன்னு இருக்குல்ல. வருஷத்துக்கு நூறு கன்னு, ஆறு வருஷம், பொய்யே கிடையாது. குழி மட்டும் அதே நூறு குழி. போன வருஷத்துக் கன்னு காஞ்சாத்தானே புதுக் கன்னுக்கு இடம் கிடைக்கும். தோட்டக்காரர் இப்பல்லாம் மண்ணக்கூட முழுசாத் தள்றதில்ல. எப்படியும் மறுபடி தோண்டத்தானே போறோம், எதுக்கும்மா ரெண்டு வேலைங்கறார். இங்க உண்மையா ஆற்றலச் சேமிக்கறது அவர் ஒருத்தர்தான்.

பல்லுயிர்னு ஒரு அத்தியாயம் வரும், அது கேன்டீன் பூனை நாலு குட்டி போட்ட வருஷம் எழுதினது. கார்பன் தடம்? முதலாளி சைக்கிள்ல வேலைக்கு வர்ற படம் போட்டிருக்கே, பாத்தீங்களா? நிஜமாவே வரார். ரெண்டு தெரு தள்ளி வரைக்கும் கார், அங்கேருந்து சைக்கிள். சைக்கிள ஏத்திக்கிட்டு முன்னாடியே ஒரு வேன் வந்து நிக்கும்.

மீன் தொட்டிய ரொம்ப நேரமாப் பாக்கறீங்க. சுத்திகரிச்ச சாயத்தண்ணியில மீன் எப்படித் துள்ளுது பாருங்கன்னு நான் இப்ப சொல்லணும். முதல் தடவ அந்தத் தண்ணியத்தான் ஊத்தினோம். காலையில விட்ட மீன், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி மல்லாந்துருச்சு. கூட்டம் போட்டோம். சுத்திகரிப்பு நிலையத்தச் சரி பண்ணலாம்னு நான் சொன்னேன், தண்ணிய மாத்தலாம்னு மேனேஜர் சொன்னார். அன்னியிலேருந்து இது குடிதண்ணி லாரியில வருது. நீங்க வந்ததும் இந்தத் தொட்டிக் குழாயத் திறந்து பாட்டில்ல பிடிச்சீங்களே, அதேதான். தாராளமா குடிக்கலாம், சோதனையில ஜம்முனு தேறிரும்.

நிஜத் தண்ணி எங்க போகுதா? வெளிய பாருங்க, மழை பிடிச்சுக்கிச்சு. மழை பெய்யறப்பதான் திறந்து விடுவாங்க, வாய்க்கால்ல நெறம் தெரியாதுல்ல. பாய்லர் ரூமுக்குப் பின்னாடி ஒரு குழாய் இருக்கு. காலி பாட்டில் இன்னொண்ணு வெச்சிருக்கீங்களா? எடுத்துக்கிட்டு வாங்க. மழை விட்டுருச்சுன்னா மூடிருவாங்க.

கேளுங்க, நடந்துக்கிட்டே சொல்றேன். ஆமா, ஆறு அறிக்கையிலயும் கையெழுத்து என்னோடதுதான். யாரும் மிரட்டல. சும்மா சொல்லக் கூடாது, சம்பளமும் ஒழுங்கா வந்துது. யார் படிக்கப் போறாங்கன்னு நெனச்சேன். வழவழன்னு தாள், முதலாளி கன்னு நடற படம். இதப் போய் யார் படிப்பா?

ஒருத்தி படிச்சா. எங்க அக்கா. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மூணாவது வீடு. தங்கச்சி எழுதினதாச்சேன்னு வரி விடாம படிச்சிருக்கா. ஒன்பதாம் பக்கத்துல, எங்க கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளிய போறதில்ல, சுத்துவட்டாரத்துக் கிணத்துத் தண்ணி பாதுகாப்பானதுன்னு இருக்கும். அதுக்குக் கீழ பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள், பிளாஸ்டிக் கேன் தண்ணி வாங்கறதக் குறைச்சுக்கோங்கன்னு. அந்த வேண்டுகோள் என் சொந்த யோசனை. மொத்த அறிக்கையிலயும் நான் மனசார எழுதினது அது ஒண்ணுதான்.

அக்கா கேன நிறுத்திட்டு வீட்டுக் கிணத்துத் தண்ணிக்கு மாறிட்டா. தண்ணியில ஏதோ வாசம் வருதேன்னு மாமா சொன்னப்போ, என் தங்கச்சி படிச்ச படிப்பவிட உங்க மூக்கு பெருசான்னு கேட்டாளாம். நான் போறப்பல்லாம் டீ போட்டுத் தருவா, அதனால எனக்கும் தெரியல. ரெண்டு வருஷம் கழிச்சு ஒருநாள் வெயில்ல போனவ, டீ வேண்டாம்னுட்டு ஒரு டம்ளர் தண்ணி கேட்டேன். வாயில வெச்சதும் தெரிஞ்சு போச்சு. கேன் எங்கே, அக்கான்னு கேட்டேன். நீதானடி வேண்டாம்னு எழுதியிருந்தன்னு சொன்னா.

பாத்து வாங்க, இங்க வழுக்கும்.

இப்ப வாரத்துக்கு ரெண்டு நாள் அவ ரத்தத்த மெஷின்ல விட்டுச் சுத்தம் பண்றாங்க. ஒழுங்கா ஓடற சுத்திகரிப்பு நிலையத்த நான் பாத்தது அந்த ஆஸ்பத்திரியிலதான். இல்லங்க, இந்தத் தண்ணியாலதான்னு டாக்டர் எழுதித் தரல. இருக்கலாம்னார். எனக்கு அது போதும்.

அதோ, செவப்பா ஊத்துதே, அந்தக் குழாய்தான். பாட்டிலக் குடுங்க, நான் பிடிக்கறேன், உங்க கையில பட வேண்டாம்.

அவளுக்கா? நான் எழுதினது பொய்னு இன்னும் தெரியாதுங்க. சொல்லணும்னு போவேன், டீயக் குடிச்சுட்டு வந்துருவேன். நீங்க எழுதுங்க. என் பேரையும் சேத்தே எழுதுங்க. உங்க அறிக்கை வந்ததும் அவ படிச்சுப்பா.