நூத்திப் பதிமூணாம் பக்கத்துல எலி

இல்ல, நான் கேக்கறேன், 'நான் யாரு'ன்னு ஒருத்தருக்குச் சந்தேகம் வந்தா வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு பாத்துக்க வேண்டியதுதானே சார்? அஞ்சு டிபார்ட்மென்ட்டுக்கும் ஒரே வருஷத்துலயா அந்தச் சந்தேகம் வரணும்? வந்துச்சே! வந்து, கடைசியில என் தலையிலதானே விடிஞ்சுது!

உக்காருங்க சார். ஸ்டூல் ஆடும், ஆனா விழாது. எத்தனை பக்கம் காப்பி எடுக்கணும்? ரெண்டுதானா? அப்ப ரெண்டு நிமிஷ வேலை. மெஷின் சூடாகட்டும், இப்பதான் சுவிட்ச் போட்டேன். காலையில இதுவும் எங்க வீட்டுக்காரர் மாதிரிதான், கூப்பிட்ட உடனே எழுந்திரிக்காது. முனகும், ஒரு விளக்கு எரியும், அப்புறம் அதுவும் அணைஞ்சுடும்... அட்மிஷனுக்கு வந்திருக்கீங்களா? பையனா, பொண்ணா? சரி சரி, சொல்ல வேணாம், எனக்கெதுக்கு அடுத்தவங்க விஷயம்.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், இந்த மாடிப்படிக்கு அடியில பதினேழு வருஷமா உக்காந்திருக்கேன் சார். மேல நாலு மாடி. அங்க எழுதற தீசிஸ் அத்தனையும் என்கிட்ட வந்து அட்டை போட்டுக்கிட்டுத்தான் வெளிய போகும். முன்னெல்லாம் ஒருத்தர் மண்புழுவைப் பத்தி எழுதுவாங்க, ஒருத்தர் வாடகைச் சட்டத்தைப் பத்தி எழுதுவாங்க. கலந்தாலும் அரைத்தூக்கத்துல பிரிச்சுடுவேன். இந்த வருஷம் என்ன காத்து அடிச்சுதோ, எல்லாருக்கும் 'நான்'! தத்துவத்துல கேட்டா 'நான்', உளவியல்ல கேட்டா 'நான்', உயிரியல்லயும் 'நான்'. ஏதோ கருத்தரங்கு நடந்துச்சாம், அதுல யாரோ தலைப்பை எடுத்து விட்டாங்களாம், இதுங்க எல்லாம் அதையே புடிச்சுக்கிச்சுங்க.

அந்த உளவியல் பையன் இருக்கான் பாருங்க, நல்ல பையன்தான், ஆனா எதைச் சொன்னாலும் "நீங்க அப்படி நினைக்கறீங்கக்கா"ம்பான். மழை பெய்யுதுப்பான்னாக்கூட அதேதான். அவன் எழுதியிருக்கான், ஞாபகம்ங்கறது பீரோவுல மடிச்சு வெச்ச துணி இல்லையாம். ஒவ்வொரு தடவை வெளிய எடுக்கும்போதும் நாமளே கொஞ்சம் வெட்டி, கொஞ்சம் தைச்சுத்தான் திரும்ப வெக்கறோமாம். அதனால நான்ங்கறது நானே எனக்குச் சொல்லிக்கற ஒரு கதைதானாம். இதைப் போய் வீட்டுல சொல்லித் தொலைச்சேன் சார். எங்க வீட்டுக்காரர் புடிச்சுக்கிட்டார். முதல்முதல்ல பாத்தப்ப நான்தான் சிரிச்சேனாம்! நானா சிரிச்சேன்? பஸ் ஸ்டாப்புல பல்லைக் காட்டிக்கிட்டு நின்னது அவரு! இருபத்திநாலு வருஷம் கழிச்சு, "அது நீ தைச்சு வெச்ச கதை"ங்கறார். அன்னைக்கு ராத்திரி நான் பேசவே இல்ல. அவரு அதையும் கவனிக்கல.

சிரிக்காதீங்க சார், வயித்தெரிச்சல்.

சமூகவியல் அம்மா ஒருத்தங்க, என் வயசு இருக்கும். அவங்க கணக்கே வேற. தனியா நான்னு ஒண்ணு கிடையவே கிடையாதாம். மத்தவங்க நம்மளை எப்படிப் பாக்கறாங்களோ, அதுலேர்ந்துதான் நாம உண்டாகறோமாம். வாஸ்தவம்தான். மாமியார் வீட்டுல நான் பெரிய மருமக. இங்க ஜெராக்ஸ் அக்கா. எம் பொண்ணு ஸ்கூல்ல 'அந்தச் சண்டைக்கார அம்மா'. நான் கேட்டேன், "ஏம்மா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் வீட்டுல எல்லாரும் தூங்கறப்ப, என்னை ஒருத்தருமே பாக்கலையே, அப்ப நான் யாரு?" "நல்ல கேள்வி, அடிக்குறிப்புல போட்டுக்கறேன்"னாங்க. போட்டாங்க சார்! எண்பத்தெட்டாம் பக்கம், கீழே பொடி எழுத்துல. நானேதான் காப்பி எடுத்தேன். பேரு போடல, 'ஒரு தகவலாளர்'னு போட்டிருந்துச்சு. போகட்டும்.

உயிரியல் பையன்தான் வில்லங்கம். அவனுக்கு ஞாபகமும் வேணாம், மனுஷங்களும் வேணாம், எலி போதும். நம்ம ரத்தத்துல வெள்ளை அணு இருக்குல்ல சார், அதுதான் 'இது நம்ம ஆளு, இது அசலாளு'ன்னு வாசல்ல நின்னு பாக்குதாம். ஒரு எலிக்குள்ள இன்னொரு எலியோட கல்லீரலை வெச்சுத் தைச்சா, உடம்பு கண்டுபுடிச்சு "வெளிய போ"ன்னுடுமாம். அவனுக்கு அதுதான் 'நான்'. வாசல்காவல். முந்நூறு பக்கம் எலி. இதுல அச்சு சரியா விழலைன்னு பாதியை இங்கயே கழிச்சுப் போட்டுட்டுப் போனான். அந்தக் கழிசலை அவன் கையோட எடுத்துட்டுப் போயிருந்தா இன்னைக்கு இவ்வளவு... சரி விடுங்க.

சட்டத் துறையிலேர்ந்து ஒருத்தர் வந்தார், ரொம்பச் சுருக்கம். "கையெழுத்து உன்னுதுன்னா ஆளு நீதான், மிச்சமெல்லாம் வெட்டிப்பேச்சு"ன்னார். எனக்கு அவரைப் புடிக்கல.

எனக்குப் புடிச்சது தத்துவப் பொண்ணுதான் சார். நாலு வருஷம். கைக்குழந்தையோட வரும். குழந்தையை இதோ இந்தக் காகிதக் கட்டு மேல தூங்க வெச்சுட்டு, ஓரமா உக்காந்து பிழை திருத்தும். அது எழுதினது எனக்கே புரிஞ்சுது. நேத்து ஒரு வார்த்தை குடுத்தவனும், இன்னைக்கு அதைக் காப்பாத்தறவனும் ஒரே ஆளுன்னு எதை வெச்சுச் சொல்றோம்? உடம்பு மாறுது, புத்தி மாறுது, பாதி மறந்தும் போகுது. அப்புறம் எதைப் புடிச்சுக்கிட்டு 'அது நான்தான்'னு சொல்றோம்? இதான் கேள்வி. பதில் நாலாவது அத்தியாயத்துல வரும். நாலு வருஷ உழைப்பும் அதுலதான் இருக்கு. அதுக்குத்தான் இன்னைக்குப் பதினோரு மணிக்கு வைவா, மூணாவது மாடியில. வெளியூர்லேர்ந்து ஒரு எக்ஸாமினர் வரார். சும்மா இருக்கற ஆளு இல்லையாம், வரிவரியாப் படிக்கற ஆளாம். அவர் சரின்னாத்தான் பட்டம், பட்டம் வந்தாத்தான் அதுக்கு வேலை நிரந்தரமாகும். இந்த மாசக் கடைசிதான் கெடு. நாலாவது அத்தியாயத்துல ஒரு பெரிய கேள்வி இருக்குன்னு நேத்தே போன்ல சொல்லியிருக்கார்.

காலையில வந்துச்சு சார் அந்தப் பொண்ணு, குறிப்புத் தாளுக்குக் கிளிப் வாங்க. "அக்கா, நாலாவதுதான் நான் நல்லா எழுதினது, அதுலயே கேள்வியாம், பரவால்ல, பதில் சொல்லிடுவேன்"னு சிரிக்குது. நான் வாயைத் திறந்தேன். என்ன வந்துச்சு தெரியுமா? "டீ குடிக்கிறியாம்மா?" அதான் வந்துச்சு.

ஏன்னா... எப்படிச் சொல்றது. நீங்க வெளி ஆளு, உங்ககிட்ட சொன்னா என்ன. மூணு மாசமா நெஞ்சுல கல்லு மாதிரி உக்காந்திருக்கு. நீங்களே சொல்லுங்க, இது யார் தப்புன்னு.

தீசிஸ் குடுக்கக் கடைசி நாள். எல்லாருக்கும் ஒரே எழுத்து, ஒரே அளவு, ஒரே ஓரம், அது யுனிவர்சிட்டி ரூல். ரூல் போட்டவன் முதல் குத்தவாளி. மேசையில தத்துவத்தோட மூலப் பிரதி. பக்கத்துல எலிப் பையன் கழிச்சுப் போட்டுட்டுப் போன தாள்ல ஒரு சின்னக் கட்டு. அவன் ரெண்டாவது குத்தவாளி. வெக்கைன்னு எங்க வீட்டுக்காரர் ஃபேனைப் போட்டார். லிஃப்ட் மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவர், சும்மா இருக்க முடியாது, எதையாவது போடணும். தாளெல்லாம் பறந்துச்சு பாருங்க, கல்யாணப் பந்தல்ல காத்து புகுந்த மாதிரி! விழுந்து விழுந்து பொறுக்கி அடுக்கினேன். நான் அடுக்கறப்ப எழுத்தைப் பாக்க மாட்டேன் சார், நம்பரைத்தான் பாப்பேன். பதினேழு வருஷப் பழக்கம். நூத்திப் பன்னெண்டு, நூத்திப் பதிமூணு, நூத்திப் பதினாலு... நம்பர் அத்தனையும் சரியா இருந்துச்சு! ஒண்ணு குறையல, ஒண்ணு கூடல. அதை வெச்சு அஞ்சு காப்பி எடுத்து, அட்டை போட்டு, தங்க எழுத்து அடிச்சு அனுப்பிச்சுட்டேன்.

சாயங்காலம் மேசைக்கு அடியில பெருக்கறேன், பன்னெண்டு தாளு. நூத்திப் பதிமூணுலேர்ந்து நூத்தி இருபத்திநாலு வரைக்கும். எடுத்துப் பாத்தா... தத்துவம்.

அப்ப உள்ள போனது? எலி!

அந்தப் பொண்ணு கேக்கலையான்னுதானே நினைக்கறீங்க? யாரு சார் பைண்டிங் ஆகி வந்தப்புறம் உள்ள பிரிச்சுப் பாக்கறாங்க? நன்றியுரையை ரெண்டு தடவை படிப்பாங்க, முகர்ந்து பாப்பாங்க, அலமாரியில வெச்சுடுவாங்க. வேற எலியோட ஈரல்னு கண்டுபுடிக்க எலிக்கு அறிவிருக்கு. அந்தப் புஸ்தகத்துக்கு இல்லையே! கமுக்கமா உள்ள வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கு!

சொல்லியிருக்கலாம்தான். போன வருஷமே ஒரு அட்டை தலைகீழாப் போயி, "இன்னொரு புகார் வந்தா இடத்தைக் காலி பண்ணணும்"னு ஆபீஸ்ல எழுதி வாங்கிட்டாங்க. அதனால... மூணு மாசம் ஓடிப்போச்சு. இப்ப என்னைக் கேட்டா நான் சொல்வேன் சார், அன்னைக்கு அடுக்கின பொம்பளை வேற, இன்னைக்கு உங்க முன்னாடி நிக்கறவ வேற. தோலெல்லாம் எனக்குப் புதுசு, உயிரியல்ல கேட்டுக்கோங்க. ஃபேன் போட்டது யாருங்கறதும் நானே தைச்சு வெச்ச கதையா இருக்கலாம், உளவியல்ல கேட்டுக்கோங்க. இந்தப் படிப்பெல்லாம் எதுக்கு இருக்கு, சமயத்துக்கு உதவ வேணாமா?

ஆங், பச்சை விளக்கு எரிஞ்சுடுச்சு. குடுங்க சார் அந்த ரெண்டு பக்கத்தை. ஓ, புஸ்தகத்துலேர்ந்தேவா? நல்ல கனமா இருக்கே. அட, தங்க எழுத்து! இது நம்ம கடை அட்டை மாதிரி...

நம்ம கடை அட்டைதான்.

அடையாளத் தாளு வேற வெச்சிருக்கீங்க. நூத்திப் பன்னெண்டு. 'நினைவும் போய், உறவும் போய், உடம்பும் மாறிய பின் ஒரு மனிதரிடம் இறுதியாக எஞ்சி நிற்பது'... திருப்பினா, நூத்திப் பதிமூணு... 'எலியின் கல்லீரலில் ஒரு சிறு துண்டு மட்டுமே.'

ஐயோ.

அய்யய்யோ, பக்கத்துல சிவப்பு மையில ஆச்சரியக்குறி வேற போட்டிருக்கீங்களே! சார்... நீங்க அட்மிஷனுக்கு வரலையா? அந்த வெளியூர் எக்ஸாமினரா? இவ்வளவு நேரம் உக்காந்து கேட்டீங்களே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நான்தான் சொல்ல விடலையோ? இருங்க, இருங்க. பையை எடுக்காதீங்க. மணி என்ன? பத்து அம்பதா?

சார், ஃபேனைப் போட்டது எங்க வீட்டுக்காரர் இல்ல. அவரு அன்னைக்குக் கடைக்கே வரல, காய்ச்சல்ல படுத்திருந்தார். நான்தான் போட்டேன். பறந்ததைப் பொறுக்கினதும் நான்தான். எழுத்தைப் பாக்காம நம்பரை மட்டும் பாத்தது நான். சாயங்காலமே கண்டுபுடிச்சதும் நான், கண்டுபுடிச்சு இந்த டிராயர்ல போட்டுப் பூட்டினதும் நான்தான் சார். இதோ பாருங்க, பன்னெண்டு தாளு, ஓரம்கூடக் கசங்கல. தூக்கிப் போடவும் மனசு வரல, குடுக்கவும் தைரியம் வரல. ராத்திரியில எடுத்து எடுத்துப் படிச்சிருக்கேன். அவ்வளவு அழகா எழுதியிருக்கு அந்தப் பொண்ணு. ஒருத்தர் மாறிக்கிட்டேதான் இருப்பாராம், ஆனா பழசு வந்து 'இது யாரு பண்ணினது'ன்னு கேக்கறப்ப, எழுந்து நின்னு பதில் சொல்றாரே, அங்கதான் அவரு ஒரே ஆளா ஆகறாராம். இதைப் படிச்சுட்டும் மூணு மாசம் கல்லு மாதிரி உக்காந்திருந்தேன் பாருங்க, என்னை என்ன பண்ணினாத் தகும்?

எங்க சார் எழுந்துட்டீங்க? சார்! தாளை வாங்கிக்கிட்டுப் பேசாமப் போனா எப்படி? நீங்க போய்ச் சொன்னா, 'பைண்டிங்ல ஏதோ கோளாறு'ன்னு போயிடும். கோளாறுக்கு ஆளு வேணாமா? நில்லுங்க, ஷட்டரை இழுத்துட்டு வரேன். இடம் போனாப் போகட்டும், வேற படிக்கட்டா இல்ல ஊருல? எங்க வீட்டுக்காரர் திட்டுவார், திட்டட்டும், அவரு மேல பழியைப் போட்டதுக்கு அதுவும் வேணும் எனக்கு.

மெதுவா ஏறுங்க சார், மூச்சு வாங்குது... ரெண்டாவது மாடி... அந்தப் பொண்ணு உள்ள போய் எலிக்குப் பதில் சொல்ல ஆரம்பிச்சுடப் போகுது, அதுக்குள்ள போயிடணும்... ஆங், மூணாவது மாடி. இந்த ரூம்தானே? உள்ள எல்லாரும் உக்காந்துட்டாங்க போலிருக்கு. கொஞ்சம் தள்ளுங்க சார். கதவை நான் தட்டறேன்.