ஒரு மாத வயசுத் தெரு

தம்பி: ...அது இல்ல மாமா, நான் கேட்கறது ஒண்ணே ஒண்ணுதான். தெருமுனையில வெள்ளைக் கோடு பார்த்தீங்களா, இல்லையா?

மாமா: கோட்டை விடு மாப்ள. தெருவையே காணோம். காலையில பால் வாங்கப் போறேன், வழக்கம்போலக் காலை வைக்கறேன்... போய்க்கிட்டே இருக்கேன், போய்க்கிட்டே இருக்கேன், தரையே தட்டுப்படல.

அக்கா: நாலு விரல் ஆழம். அதுக்கு இந்த அளப்பு.

மாமா: உனக்கு நாலு விரல். என் முட்டியைக் கேட்டுப் பாரு.

தம்பி: விளையாடாதீங்க மாமா. இந்தத் தெருவைச் சுரண்டினதே நான்தான். பெரிய வம்புல மாட்டிக்கிட்டேன்.

அக்கா: டேய், என்னடா ஆச்சு? ரோட்டைச் சுரண்டற வண்டி ஓட்டறது உன் வேலை. தினமும் எங்கேயோ ஒரு ரோட்டைச் சுரண்டிட்டுத்தானே வர்றே?

தம்பி: சுரண்ட வேண்டியது பக்கத்துத் தெருக்கா. குண்டும் குழியுமா கிடக்குதே, அது. இது போன மாசம் போட்டது. தார் வாசனைகூட இன்னும் போகல.

மாமா: அடப்பாவி...

தம்பி: இன்ஜினியரும் அதேதான் சொன்னார். தொப்பியைக் கழட்டறார், மாட்டறார், மறுபடி கழட்டறார். நான் பயந்துட்டேன்.

மாமா: சரி, அதுக்கென்ன. சுரண்டினதை அள்ளிட்டு வந்து கொட்டி, மேல ஒரு உருட்டு உருட்டிட்டா...

தம்பி: அள்ளறதுக்கு எங்க இருக்கு? சுரண்டச் சுரண்ட லாரியில ஏறிடுச்சு. தார் கலக்கற இடத்துல பழைய ரோட்டுத் தூளுக்காகவே காலையிலேர்ந்து காத்துக்கிட்டிருந்தாங்க. கொஞ்சம் புதுத் தாரும் ஜல்லியும் சேர்த்துச் சூடு பண்ணி, ஆஸ்பத்திரி ரோட்டுல போட்டு, ரோலரும் ஓட்டி முடிச்சாச்சு.

அக்கா: அப்போ நம்ம தெரு...

தம்பி: ஆஸ்பத்திரி வாசல்ல படுத்திருக்கு.

மாமா: நம்ம வாசல் மேல ஆம்புலன்ஸ் போகுதுன்னு சொல்லு. என் தெருவுக்கு இப்படி ஒரு யோகமா.

அக்கா: ஏங்க, அவன் முகத்தைப் பார்த்துட்டுப் பேசுங்க.

தம்பி: கலக்கற இடத்துக்காரர் வேற போன் பண்ணிப் பாராட்டறார்க்கா. இவ்வளவு நல்ல பழைய ரோட்டை என் சர்வீஸ்ல பார்த்ததில்ல, எங்கேருந்துப்பா பிடிச்சே, இன்னும் இருந்தா கொண்டான்னு... ஸ்பீக்கர்ல பேசினார். இன்ஜினியர் பக்கத்துல நிக்கறார்.

அக்கா: அய்யோ... ஏண்டா, தெருப் பேரைப் பார்த்து ஓட்ட மாட்டியா?

தம்பி: எங்க வேலையில பேரெல்லாம் கிடையாதுக்கா. முதல் நாள் மேஸ்திரி வந்து சுண்ணாம்புத் தூள்ல கோடு இழுத்துட்டுப் போயிடுவார். மறுநாள் ஒரு கோட்டுல மெஷின் பல்லை இறக்கணும், அடுத்த கோட்டுல தூக்கணும். நடுவுல என் கல்யாணமே நடந்தாலும் நிறுத்தக் கூடாது.

மாமா: அது எப்படியும் நடக்கப் போறதில்ல. மேல சொல்லு.

தம்பி: இங்க கோடு இருந்துச்சுன்னு இன்ஜினியர்கிட்ட சொன்னேன். மேஸ்திரி என்னடான்னா, பக்கத்துத் தெருவுல மட்டும்தான் போட்டேன்னு அடிச்சுச் சொல்றார். இன்ஜினியர் யோசிச்சார். சரி, யாரோ வம்பு பிடிச்சவன் போட்டிருப்பான், கோட்டைக் கண்ணால பார்த்த ஒரே ஒரு ஆளைக் காட்டு, விட்டுடறேன், இல்லேன்னா மெஷின் சாவியை மேஜை மேல வச்சுட்டுக் கிளம்புன்னுட்டார். இப்போ இங்கதான் வந்துக்கிட்டிருக்கார். தெரு முழுக்கக் கேட்டுட்டேன், எல்லாரும் கையை விரிக்கறாங்க. நீங்க ரெண்டு பேருதான் பாக்கி.

மாமா: நாங்க என்னத்தைக் கண்டோம் மாப்ள. பொழுது சாஞ்சா எனக்குக் கண்ணே தெரியாது.

தம்பி: எதிர்வீட்டு டிவியில ஸ்கோர் படிக்கறீங்க.

மாமா: அது... நெம்பர் தெரியும். கோடுதான் தெரியாது.

தம்பி: அக்கா, நீ? நேத்து சாயங்காலம் வாசப்பக்கம் போகவே இல்லையா?

அக்கா: நான்... எனக்கு இடுப்பு வலி. படுத்துட்டேன்.

மாமா: நான்தான் தைலம் தேய்ச்சேன். ஒரு குடம் தைலம்.

அக்கா: நீங்க சும்மா இருங்க.

தம்பி: கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க... லேசா, வெள்ளையா ஏதாவது...

மாமா: இல்லைன்னா இல்ல. எங்களை ஏன் இந்தக் குடை குடையறே? ஆனா ஒண்ணு. ரோடு மேல ரோடு, அது மேல ரோடுன்னு போட்டு எங்களைப் புதைச்சுக்கிட்டே வந்தாங்க பாரு. இந்த வீட்டுக்கு வந்தப்போ படி ஏறி உள்ளே வந்தோம். இப்போ இறங்கி வர்றோம். இன்னும் ஒரு ரோடு போட்டிருந்தா மொட்டை மாடி வழியாத்தான் கடைக்குப் போகணும். இன்னிக்குத்தான் ஜன்னல்ல வெயில் அடிச்சுது. எலியெல்லாம் வெளியே வந்து நின்னு, கண்ணைக் கசக்கிட்டுப் போச்சு.

தம்பி: உங்களுக்கு வெயில் வந்துச்சு மாமா. எனக்குப் பிழைப்பு போகப் போகுது. இந்த வண்டியை விட்டா எனக்கு வேற ஒண்ணும் ஓட்டத் தெரியாது.

அக்கா: ஏங்க...

மாமா: பேசாம இரு.

அக்கா: எப்படிங்க பேசாம இருக்கறது? என் தம்பி சாவியைப் பிடுங்கப் போறாங்க.

மாமா: ...சரி. அந்த நல்ல சட்டையை எடு. பெரிய மனுஷன் வர்றார், பனியனோட நிக்க முடியாது.

தம்பி: எதுக்கு மாமா?

மாமா: கோடு போட்டது நான்தான் மாப்ள.

தம்பி: ...என்ன சொல்றீங்க?

மாமா: மேஸ்திரி பக்கத்துத் தெருவுல இழுத்துட்டுப் போனதைப் பார்த்தேன். சுவருக்கு வாங்கின சுண்ணாம்புத் தூள் மிச்சம் இருந்துச்சு. நம்ம தெருவுல இந்த முனைக்கு ஒண்ணு, அந்த முனைக்கு ஒண்ணு. பெருமைக்குச் சொல்லல, அவர் கோட்டைவிட என் கோடு நேர். வேற யாராவது முகம் தெரியாத டிரைவர் வருவான்னு நினைச்சேன். நீ வருவேன்னு சத்தியமா நினைக்கல.

அக்கா: டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான்டா. காலையில அந்த மெஷின் மேல உன்னைப் பார்த்ததும் எனக்கு உசிரே நின்னு போச்சு. ஓடி வந்து சொல்லியிருக்கணும். இவர்தான் கையைப் பிடிச்சு இழுத்துட்டார்.

மாமா: பாதி முடிஞ்சிருந்துச்சே. அரைத் தெருவை வச்சு என்ன பண்றது? நீ பயப்படாதே. கோட்டைப் பார்த்தவனைத்தானே கேட்டார்? போட்டவனையே கொண்டு போய் நிறுத்து. என்னை அவர் என்ன பண்ணுவார்? நடுரோட்டுல நிக்க வச்சுத் தார் ஊத்தட்டும்... ஏன் மாப்ள, முகம் இப்படி வெளிறுது?

தம்பி: எப்போ போட்டீங்க?

மாமா: நேத்து, விளக்கு போடற நேரம்.

தம்பி: சட்டையை உள்ளே வச்சிடுக்கா. நீங்க உட்காருங்க மாமா... உங்க கோட்டை விடியறதுக்குள்ள தெருக் கூட்டறவங்க கூட்டி அள்ளிட்டுப் போயிருப்பாங்க. நான் வந்தப்போ இங்க ஒரு வெள்ளைப் பொட்டுகூட இல்ல. கோடு இருந்துச்சுன்னு நான் இன்ஜினியர்கிட்ட சொன்னதே பொய். எனக்காக நீங்களும் அதே பொய்யைச் சொல்லுவீங்களான்னு பார்க்கத்தான் வந்தேன்... இந்தப் புது ரோடு போட்ட பிறகு ஒரு மழை பெஞ்சுதே, அன்னிக்கு அக்கா வீட்டுக்குள்ள புகுந்த தண்ணிக்கு நடுவுல, கட்டில் மேல அடுப்பை வச்சுச் சமைச்சுக்கிட்டிருந்தா. அதை ஜன்னல் வழியாப் பார்த்துட்டு, உள்ளே வராமலே திரும்பிப் போனேன். இன்னிக்குப் பல்லை நான் தெரிஞ்சேதான் இறக்கினேன் மாமா.