உறுதியா சொல்ல முடியாது

இல்ல சார், வாயைத் திறக்காதீங்க. இப்பத்தான் உதட்டோரத்துல பூசியிருக்கேன், பேசுனா அப்படியே கோடு விழுந்துடும். பேச வேண்டியதெல்லாம் உள்ள போய்ப் பேசிக்கலாம், அதுக்குத்தானே கூப்பிட்டிருக்காங்க. கண்ணாடியைப் பாருங்க. வேணும்னா தலையை மட்டும் ஆட்டுங்க, அதுவும் மெதுவா.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், இன்னிக்குத் தலைப்பு. உலகம் சூடாகுதா, சும்மா பயமுறுத்துறாங்களா. போன மழைக்கு முந்தியும் இதேதான் பேசுனாங்க. மழை வந்து இந்தக் கட்டடத்துல கீழ் மாடி பூரா முழங்கால் தண்ணி நின்னுச்சு. வடிஞ்சதும் தொடைச்சிட்டு மறுபடி அதே தலைப்பு. சிரிக்காதீங்க சார், கன்னம் மடியுது.

இந்த ரூம்ல எத்தனை மூஞ்சிக்குப் பவுடர் போட்டிருக்கேன்! உள்ள போய் அடிச்சுக்கப் போறாங்கன்னு பார்த்தா, வெளிய வந்ததும் ஒண்ணா நின்னு டீ குடிப்பாங்க. உலகம் அழியப் போகுதுன்னு கத்துனவரும், எல்லாம் புருடான்னு கத்துனவரும் ஒரே கார்ல வீட்டுக்குப் போறதைக் கண்ணால பார்த்திருக்கேன். ஏசியைக் கூட்டி வைப்பான்னு டிரைவர்கிட்ட ரெண்டு பேரும் சேர்ந்துதான் சொன்னாங்க.

விக் வெச்ச ஒருத்தர் வருவாரே, தெரியும்ல? பூமி எப்பவும் சூடாகும், அப்புறம் ஆறும், இதுல மனுஷன் என்ன பண்ணான்னு கேப்பாரு. இதே சேர்ல உக்காந்துக்கிட்டு, இந்த லைட்டைக் கொஞ்சம் அணைங்கம்மா, சூடு தாங்கலைம்பாரு. ஒரு பல்புச் சூடு தாங்காத மனுஷன், ஊருக்கெல்லாம் தைரியம் சொல்றாரு. அவருக்கு வேணும்னே லைட்டை இன்னும் பக்கத்துல இழுத்து வைப்பேன்.

உங்க ஆளுங்க மட்டும் என்னவாம்? கோவிச்சுக்காதீங்க, இந்தப் பக்கம் திரும்புங்க. நீங்க புரொபசர், பெரிய படிப்பு. உங்க புஸ்தகம் தலைகாணி சைஸ்ல இருக்கு. ஆனா கேட்ட கேள்விக்கு நேரா ஒரு பதில் வருதா? வாய்ப்பு இருக்கு, அபாயம் இருக்கு, ஆனாலும் உறுதியா சொல்ல முடியாது. இட்லிக்கு உப்பு போட்டியான்னு... வேண்டாம் விடுங்க, உங்க வீட்டம்மா உங்ககிட்ட என்ன கேட்டு என்ன பதில் வாங்குறாங்களோ, பாவம்.

சரி, எதிர்ல யார் உக்காரப் போறாங்கன்னு சொன்னாங்களா? ஜாடிக்காரர் சார். பேர் அதில்ல, ஆனா எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்க. ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்ணிட்டிருந்தவரு. நல்லாத்தான் பண்ணிட்டிருந்தாரு. இப்ப கண்ணாடி ஜாடில தண்ணியை ஊத்தி, உள்ள ரெண்டு கம்பியை விட்டு, கரண்ட் கொடுக்கறாரு. கொடுத்ததைவிட ஜாஸ்தியா சூடு வெளிய வருதாம். அதுல உலகத்துக்கே கரண்ட் எடுக்கலாமாம். நிலக்கரி வேண்டாம், எண்ணெய் வேண்டாம், புகை கிடையாது. கடல் ஏறுனது தானா இறங்கிடுமாம்!

உலகத்துக்கே வெளிச்சம் கொடுக்கப் போற மிஷின் சார் அது. அது ஓடணும்னா வீட்டுல லைட்டை அணைக்கணும், ஃபேனை நிறுத்தணும். மிக்சியைப் போட்டோமோ போச்சு, ஃப்யூஸ் போயிடும். அப்புறம் யாராலயோ சோதனை கெட்டுப்போச்சுன்னு ரெண்டு நாளைக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவாரு.

எனக்கு எப்படித் தெரியுமா? மேக்கப் போடறவளுக்குத் தெரியாதது எது சார். கண்ணை மூடுங்க.

அவர் வீடியோவைப் பார்த்திருக்கீங்களா? பார்த்திருக்க மாட்டீங்க, உங்களுக்கு எங்க நேரம். லட்சக்கணக்குல ஜனம் பாக்குது. அத்தனையும் எப்படி ஆரம்பிக்கும் தெரியுமா? உங்க குரல்ல. ஆமா சார், உங்க குரல்தான். ஆடாதீங்க, கண்ணுல பட்டுடும். சில வருஷத்துக்கு முந்தி இதே ஸ்டுடியோவுல போன் வந்துச்சு, ஒரு நேயர் கேட்டாரு. தண்ணிலேர்ந்து இந்த மாதிரி சூடு வருமா சார், நடக்குமான்னு. நீங்க சிரிச்ச முகமா என்ன சொன்னீங்க? முடியவே முடியாதுன்னு உறுதியா சொல்ல முடியாது, அறிவியல்ல எந்தக் கதவையும் அடைச்சு வைக்கக் கூடாது, தொடர்ந்து பாருங்கன்னீங்க.

ஞாபகம் இல்லையா? எப்படி இருக்கும். மரியாதைக்குச் சொன்ன வார்த்தை. போனை வெச்சதும் நீங்க மறந்துட்டீங்க. அந்த மனுஷன் கடையை மூடிட்டாரு சார். தொடர்ந்து பாருங்கன்னு சொன்னீங்கல்ல, பாத்துக்கிட்டே இருக்காரு.

அதோட விட்டீங்களா? அதே நிகழ்ச்சில அடுத்த போன். கரையோரத் தெருவுலேர்ந்து ஒரு பொம்பளை கேட்டாங்க, எங்க தெருவுக்குள்ள கடல் வருமா சார்னு. அதுக்கும் அதே பதில். அபாயம் இருக்கு, ஆனா எப்போ, எவ்வளவுன்னு உறுதியா சொல்ல முடியாது. உங்களுக்கு அது கவனமாப் பேசறது. தெருவுல அது எப்படி விழுந்துச்சு தெரியுமா? புரொபசரே வராதுன்னுட்டாருன்னு விழுந்துச்சு. அந்த வருஷம்தான் ஆளாளுக்கு மாடி எழுப்பினாங்க, தரைக்கு டைல்ஸ் போட்டாங்க. இப்ப அந்த டைல்ஸ் மேல நண்டு ஓடுது.

நடக்காததுக்கும் உறுதியா சொல்ல முடியாது, நடக்கப் போறதுக்கும் உறுதியா சொல்ல முடியாது. நல்ல பொழைப்பு சார்.

என்ன, கோவமா? கோவம் வந்தா நல்லதுதான், முகத்துல கொஞ்சம் களை வரும். உங்களைவிட அந்த விக் வெச்சவரே தேவலாம்னு சில நேரம் தோணும் எனக்கு. அவர் பொய் சொல்றாருன்னு பாத்தாலே தெரியும். உங்ககிட்டதான் ஏமாந்துடறாங்க.

சரி, நேராவே சொல்லிடறேன், கூப்பிடற நேரமாச்சு. எப்படித் தெரியும்னு கண்ணாலயே கேட்டீங்கல்ல? காலைல ஜாடிக்காரர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தது நான்தான். கல்யாணமான நாள்லேர்ந்து நான்தான் போட்டுக் கொடுக்கறேன். இங்க யாருக்கும் தெரியாது, தெரிஞ்சா இந்த வேலையிலயும் எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிப்பாங்க. அந்தக் கரையோரத் தெருவுலதான் எங்க வீடு. ரெண்டாவதா போன் பண்ண பொம்பளை நான்தான். அவர் பேசிட்டு வெச்சாரு, அதே போனை வாங்கி நான் பேசுனேன்.

வாயைத் திறக்காதீங்கன்னேன்ல.

இப்ப கடல் பொங்கி வர்ற நாள்ல அடுப்படிக்குள்ள தண்ணி வருது சார். மக கடலை விட்டுத் தள்ளி மேட்டுல ஒரு வீடு பாத்து வெச்சிருக்கா. நாளைக்குக் காலைல சாமான் ஏத்த வண்டி வருது. என் துணி, அவர் துணி எல்லாம் மூட்டை கட்டிட்டேன். இந்த மனுஷன் வரமாட்டேங்கறாரு. சோதனை பாதில இருக்காம், ஜாடியை அசைக்கக் கூடாதாம். ஜாடி பரண்ல பத்திரமா இருக்கு, அவர் கணுக்கால் தண்ணில நின்னுக்கிட்டு சூடு பாத்து எழுதறாரு. அழுது பாத்தேன், கத்திப் பாத்தேன். மக வந்து கால்ல விழுந்தா. கடைசில ஒண்ணு சொன்னாரு. அந்த சார் என் முகத்தைப் பாத்து, இது நடக்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், அன்னிக்கே ஜாடியைப் போட்டு உடைச்சிட்டு வண்டில ஏறிடறேன்னாரு. அதுக்குத்தான் இன்னிக்கு வந்திருக்காரு. விவாதம் பண்ண வரலை சார்.

நான் சொன்னா ஆகாதா? நான் பவுடர் போடறவ. எனக்கு என்ன தெரியும்பாரு. அதுவும் நியாயம்தான், எனக்குத் தெரியாது. பரண்ல ஏத்தறதுக்கு முந்தி ஒரு நாள், அவர் இல்லாதப்போ அந்த ஜாடியைத் தொட்டுப் பாத்தேன். நல்லா சூடா இருந்துச்சு. கம்பில கரண்ட்கூட இல்ல. ஐயோ கடவுளே, இந்த மனுஷன் ஜெயிச்சுட்டாரேன்னு அப்படியே தரைல உக்காந்துட்டேன். அப்புறம் பாத்தா ஜன்னல் வழியா மத்தியான வெயில் நேரா அது மேலயே விழுது. எழுந்து திரையை இழுத்து விட்டுட்டேன். அவர்கிட்ட சொல்லலை. எப்படிச் சொல்ல?

அதனால நீங்க சொல்லுங்க. உறுதியா சொல்ல முடியாதுன்னு ஆரம்பிக்காதீங்க. வாய்ப்பு, கதவு, தொடர்ந்து பாருங்க, ஒண்ணும் வேண்டாம். உங்க அறிவியலுக்கு ஒரு நாள் லீவு விடுங்க. முகத்தைப் பாத்து, இது நடக்காது ஐயா, வீட்டை விட்டுக் கிளம்புங்கன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்.

இதோ அனுப்பறேம்பா, முடிஞ்சிடுச்சு! உங்களைத்தான் கூப்பிடறாங்க. எழுந்திருங்க, கழுத்துத் துணியை எடுத்துடறேன். காலர்ல ஒண்ணும் படலை. இப்ப நீங்க வாயைத் திறக்கலாம்.

ஒரு நிமிஷம் சார். அவரைப் பாத்தா உங்களுக்கு வித்தியாசமா இருக்கும், முகத்துல பவுடர் கொஞ்சம் தூக்கலாத் தெரியும். எனக்கு வேலை தெரியலைன்னு நினைச்சுடாதீங்க. நீங்க சொல்லும்போது அந்த முகம் எப்படிப் போகும்னு எனக்குத் தெரியும். அத்தனை ஜனத்துக்கும் அது தெரிய வேண்டாம்னுதான் கண்ணுக்குக் கீழ ரெண்டு தடவை பூசி விட்டேன்.