அழிக்காம விட்ட நீல வாளி

நாயும் வந்துடுச்சு சார்! அத்தன வந்தது போதாதுன்னு, போன வாரம் நாயும் வந்துடுச்சு! நான் வாங்கல, வளக்கல, சூ சூன்னு கூப்பிடக்கூட இல்ல. தானா நடந்து வந்து, நான் படத்துல எந்த எடத்துல ஒட்டினேனோ அதே எடத்துல, கேட்டுக்கு எடது பக்கமா, கால நீட்டிப் படுத்திருக்கு. கலர் மட்டும் வேற. அதுக்கும் என் மச்சான், "பரவால்ல மாமா, பிரபஞ்சம் கைல இருந்த ஸ்டாக்க அனுப்பிருக்கு"ங்கறான்.

உக்காருங்க, உக்காருங்க. ஸ்டூல் ஆடும், ஆனா விழாது. பேரு, அட்ரஸ் எல்லாம் அந்த நோட்டுல எழுதிட்டீங்கள்ல? நல்லது. மோவாய கொஞ்சம் எறக்குங்க. ரொம்ப எறக்கிட்டீங்க. ஆங்... ரெண்டு காதும் தெரியணும். சிரிக்காதீங்க சார்! பாஸ்போர்ட் போட்டோன்னா மூஞ்சி உம்முனு இருக்கணும், சிரிச்சா ஆபீஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்க. பாசிட்டிவ்வா இருக்கக் கூடாதுன்னு ரூல் போட்டு வச்சிருக்கற ஒரே எடம் இந்த ஸ்டூல்தான். அதனாலதான் நான் காலைல கடையத் தொறக்க ஓடி வர்றேன். பேசாதீங்க, பேசினா வாய் ஆடிடும். நீங்க ஏன் பேசணும், நான் பேசறேன்.

என் வீட்டுல சிரிக்கலைன்னா குத்தம் சார். காலைல அஞ்சரைக்கு என் பொண்டாட்டி கண்ணாடி முன்னால நின்னு, "நான் செழிப்பு, நான் நிறைவு, நான் காந்தம்"னு பத்து தடவ சொல்லுவா. காந்தமாம்! பதினாலு வருஷமா கூட இருக்கேன், ஒரு சாவிக்கொத்து ஒட்டி நான் பாத்ததில்ல. "இல்ல"ங்கற வார்த்தயே வீட்டுல வரக்கூடாது. சொன்னா பிரபஞ்சத்துக்குக் கேட்டுடுமாம். அதுவும், "ஓ, இல்லயா? சரி, இன்னும் இல்லாம பண்ணிடறேன்"னுடுமாம். முந்தாநேத்து குளிக்கறேன், தலையெல்லாம் சோப்பு, கண்ண மூடிக்கிட்டு கொழாயத் தொறந்தா கொர்ர்ருனு காத்து வருது. "ஏம்மா, டேங்க்ல தண்ணி இல்லயா?"ன்னு கத்தறேன். வெளியேருந்து, "தண்ணி வந்துக்கிட்டே இருக்குங்க!"ங்கறா. நானும் நம்பி நின்னேன் சார்! அரை மணி நேரம்! சோப்பு காஞ்சு மண்ட சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி ஆயிடுச்சு. ஏன்டி, மோட்டாரப் போட்டியா இல்லயான்னா, "போட்டுட்ட மாதிரி நெனச்சுக்கிட்டேன்"ங்கறா!

ஒரு நிமிஷம். ஆடாதீங்க... கண்ண செமிட்டாதீங்க... செமிட்டிட்டீங்க. மறுபடி.

இத வீட்டுக்குள்ள கொண்டாந்தது யாரு? அவ தம்பி. என் மச்சான். டயர் கடைல நல்லாத்தான் வேலை பாத்துக்கிட்டிருந்தான். யாரோ மூணு நாள் வகுப்புக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. கோட்டு போட்ட ஒருத்தரு மேடைல ஏறி, "வேணுங்கறத படமா வச்சு தெனம் பாரு, அது கால் மொளச்சு உன்னத் தேடி வரும்"னு சொல்லிருக்காரு. அவ்வளவுதான். அன்னிலேருந்து ஊர்ல பாதிப் பேரு என் கடைக்குத்தான் வர்றாங்க, "ஆசைப் படம் ஒண்ணு போடுங்க"ன்னு. காரு பக்கத்துல நிக்கற மாதிரி, கப்பல்ல போற மாதிரி. குண்டா ஒரு வாத்தியாரு, ஒடம்ப பாதியா கொறச்சு ஒரு படம் போட்டுக்கிட்டாரு. அத எதிர்ல மாட்டி வச்சு, பாத்துக்கிட்டே ரெட்டையா சாப்பிடறாராம், வீட்டம்மா வந்து என்னைத் திட்டிட்டுப் போறாங்க. இன்னொரு அம்மா, பொண்ணுக்குப் பக்கத்துல மாப்பிள்ள நிக்கற மாதிரி வேணும்னாங்க. மாப்பிள்ள போட்டோ குடுங்கம்மான்னேன். "மாப்பிள்ள இனிமேதாம்ப்பா அமையணும். கோட்டு சூட்டு மட்டும் நீ போடு, மூஞ்சிய பிரபஞ்சம் போட்டுக்கும்"னாங்க! போட்டுக் குடுத்தேன் சார், தலையில்லாத ஆள. அந்தப் பொண்ணு பாத்துட்டு, "இவரே போதும்மா, எதுத்துப் பேச மாட்டாரு"ன்னுச்சு.

நான் சொன்னேன் மச்சான்கிட்ட. டேய், பத்து வருஷம் இருட்டு ரூம்ல நெகட்டிவக் கழுவிப் பொழச்சவன் நான், நெகட்டிவ் இல்லாம அன்னிக்கு ஒரு படமும் வந்ததில்லடான்னு. அதுக்கு அவன் என்ன சொன்னான் தெரியுமா? "அதனாலதான் மாமா நீங்க இன்னும் அதே ரூம்ல இருக்கீங்க." எப்படி இருக்கு பாருங்க!

...ஆங், முடிஞ்சுது. இப்ப மூச்சு விடலாம். எங்க எந்திரிக்கறீங்க? பிரிண்டர் சூடாகணும் சார், பத்து நிமிஷம். அவசரமா? எல்லாருக்கும் அவசரந்தான். உக்காருங்க, இன்னும் விஷயத்துக்கே வரல.

நாலு மாசத்துக்கு முன்னாடி மச்சானும் ஆசைப் படம் கேட்டான். பொண்டாட்டி தம்பியாச்சே, முடியாதுன்னு சொல்ல முடியுமா? லிஸ்டோட வந்தான். சொந்த வீடு, மேல ஒரு மாடி, செவப்புக் காரு, வாசல்ல நாய், நடுவுல ஈஸி சேர். அதுல அவன் கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கணும். பக்கத்துல சொந்தக்காரங்க சிரிச்சுக்கிட்டு நிக்கணுமாம், தனியா உக்காந்திருந்தா செழிப்பு வராதாம். அன்னிக்குன்னு கடைல ஒரே கூட்டம் சார். நடுநடுல என் பொண்டாட்டி வேற போன் மேல போன், "தம்பி படம் என்னாச்சு? தம்பி படம் என்னாச்சு?"ன்னு. எரிச்சல்ல, கம்ப்யூட்டர்ல கைக்குக் கெடச்ச ஒரு வீட்டுப் படத்த எடுத்தேன். மேல ஒரு மாடிய வச்சேன். பெயிண்ட மாத்தினேன். துணி காயப் போட்ட கொடிய அழிச்சேன். ஸ்கூட்டர அழிச்சு காரு, மூலைல நாயி, நடுவுல மச்சான் தலை. பிரிண்ட் போட்டு, போடா சாமின்னு குடுத்துட்டேன். கொழாயடில ஒரு நீல வாளி இருந்துச்சு. பிடி ஒடஞ்சு கம்பி கட்டின வாளி. அத மட்டும் அழிக்கல. சோம்பேறித்தனம் சார், வேறென்ன. ஒரு வாளிய யாரு பாக்கப் போறாங்கன்னு விட்டேன்.

அவன் பாத்தான் சார்! ரூம்ல தலைமாட்டுல ஒட்டி வச்சு, காலைல கால் மணி நேரம், மத்தியானம் கால் மணி நேரம், மூணு மாசம் பாத்தான். பெரிசா ஒண்ணு வர்றப்ப சின்னது கைல இருந்தா எடம் அடைக்கும்னு டயர் கடை வேலைய விட்டான். ரூமையும் காலி பண்ணான். ஒரு ஞாயித்துக்கிழம காலைல அக்காவப் பாத்துட்டுப் போகலாம்னு என் வீட்டுக்கு வர்றான், ரெண்டு பெட்டியோட. நான் கொழாயடில கை கழுவிக்கிட்டிருக்கேன். கேட்டுகிட்ட வந்தவன் அப்படியே நிக்கறான். என்னைப் பாக்கல. வாளியப் பாக்கறான். கண்ணுல தண்ணி. பெட்டிய தொப்புன்னு கீழ போட்டுட்டு, "அக்கா! வந்துடுச்சுக்கா! என் வீடு வந்துடுச்சுக்கா!"ன்னு கத்தறான்.

எந்த வீடுன்னு இன்னுமா புரியல? என் வீடு சார்! நான் எடுத்த படம் என் வீட்டுப் படம்! இத்தன நாளா வந்து போறான், மாடியும் பெயிண்ட்டும் மாத்திருந்ததால அவனுக்கு அடையாளம் தெரியல. வாளி காட்டிக் குடுத்துடுச்சு.

நான் ஓடிப் போய்ச் சொன்னேன். டேய், இது பிரபஞ்சம் இல்லடா, நான்தான்டா ஒட்டினேன், இந்தக் கையாலன்னேன். என் பொண்டாட்டி என்ன சொல்றா, "அதேதாங்க! உலகத்துல எத்தன வீடு இருக்கு? உங்க கை ஏங்க இந்த வீட்டு மேல போச்சு? அனுப்பினது யாரு?"ங்கறா. நீங்க சொல்லுங்க. இல்ல, சொல்லாதீங்க, நீங்களும் ஏதாவது சொல்லிடுவீங்க.

அன்னிக்கு உக்காந்தவன்தான் ஈஸி சேர்ல. இன்னும் எந்திரிக்கல. காரு வர்ற எடம்னு என் ஸ்கூட்டர தெருவுல நிறுத்த வச்சுட்டான். மழைல நனஞ்சு காலைல பத்து ஒத ஒதச்சாத்தான் கிளம்புது. அடுத்தது நாயி மாமான்னான், வந்துடுச்சு. காரும் மாடியும்தான் பாக்கி. மாடி என் மூலமா வருமாம். நான் கட்டணுமாம்! எனக்கு இதுலெல்லாம் நம்பிக்க இல்ல சார். சத்தியமா இல்ல. ஆனா நாய் வந்துடுச்சே!

இருங்க, உங்க படத்துல காதுகிட்ட நெழல் விழுந்திருக்கு, அத எடுத்துடறேன். அந்த ஈஸி சேர் இருக்கு பாருங்க... அதப் பத்தி சொல்லணும். பெயிண்ட் அடிச்சு அந்த வீட்டுக்குக் குடி போன அன்னிக்கு எடுத்த படந்தான் நான் மச்சானுக்கு மாத்தினது. போட்டோக்காரன் வீட்டு ஆல்பத்தத் தொறந்து பாருங்க, போட்டோக்காரன் இருக்க மாட்டான். எப்பவும் கேமராவுக்குப் பின்னாலதானே நிப்பான். அன்னிக்குத்தான் என் பொண்டாட்டி கேமராவப் பிடுங்கி, பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட குடுத்து, "நீங்களும் வந்து உக்காருங்க"ன்னா. ஈஸி சேர்ல நான் உக்காந்தேன். கால் மேல கால் போட்டு. ஒரு பக்கம் அவ, இந்தப் பக்கம் எங்க பாப்பா, அப்ப அதுக்கு மூணு வயசு, என் காதப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. நான் சிரிச்சிருந்தேன் சார் அதுல. பல்லு தெரிய.

அந்தத் தலையத்தான் அழிச்சேன். நானே. அவளும் பாப்பாவும் அவன் கேட்ட சொந்தக்காரங்களா அப்படியே நின்னாங்க, அதுவும் ஒட்டினதுன்னே அவன் நெனச்சுட்டான். மச்சான் தலை அளவா உக்காந்துச்சா, சந்தோஷத்துல அதே பேர்லயே சேவ் பண்ணித் தொலச்சுட்டேன். வேற பேர்ல பண்ணணும் சார்! கடைல வேலைக்குச் சேர்ற எவனுக்கும் மொத நாள் நான் சொல்லிக் குடுக்கறது அதுதான், ஒரிஜினல் மேல கை வைக்காதேன்னு. ஊருக்கே சொன்னவன், என் படத்துல பண்ணிட்டேன். ஒரிஜினல் போச்சு. இன்னொரு காப்பி எங்கயும் கெடையாது. தேடாத எடமில்ல.

இப்ப அந்தப் படம் எங்க வீட்டுக் கூடத்துல தொங்குது, ஃபிரேம் போட்டு. பாப்பாவுக்கு இப்ப எட்டு வயசு. மாட்டின அன்னிக்கே அதையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. "ஏம்மா, நான் மாமா காதயா பிடிச்சிருக்கேன்? அப்பா எங்க?"ன்னு கேக்குது. அவ அடுப்ப விட்டுத் திரும்பாம, "அப்பா கடைல"ங்கறா. நான் அங்கதான் சார் நிக்கறேன், வாசப்படில, செருப்பு கழட்டிக்கிட்டு. ரொம்ப வலிச்சுது. பொய் இல்ல, ரொம்ப வலிச்சுது. உள்ள போய், உக்கார எடமில்லாம, கட்டில் ஓரத்துல உக்காந்தேன்.

சரி, ஒட்டினதுக்கு ஒட்டித்தான் மருந்துன்னு, என் தலைய மறுபடி அந்தச் சேர்ல வச்சு ஒரு படம் பண்ணிப் பாத்தேன். இந்தா, மானிட்டருக்குப் பின்னால ஒட்டி வச்சிருக்கேன். ஒரு மாசமாப் பாக்கறேன். நமக்கு வேலை செய்யல. "உங்களுக்குச் சந்தேகம் ஜாஸ்தி மாமா"ங்கறான். அப்பத்தான் எனக்கு ஒண்ணு தோணுச்சு. நான் ஏன் பாக்கணும்? பாக்கறதுல அவன்தானே கெட்டிக்காரன்! அவனுக்கே புதுசா ஒரு படம் போட்டுக் குடுத்துட்டா? இதவிடப் பெரிய வீடா, இதவிட நல்ல சேரா? மூணு மாசம் பாப்பான், பெட்டியத் தூக்கிக்கிட்டு அங்க போயிடுவான்! ஆனா கம்ப்யூட்டர்ல கெடைக்கற வீடு உதவாது சார். உண்மையான வீடா இருக்கணும். இந்த ஊர்லயே இருக்கணும், நடந்து போற தூரத்துல.

நோட்டுல உங்க அட்ரஸப் பாத்தேன் சார். ஸ்கூலுக்குப் பின்னால, முக்கு வீடு... அந்த மாடி வீடுதானே? நான் மாடிகூட ஒட்ட வேணாம்! தெனம் பாத்துக்கிட்டேதான் போறேன், வெளில செவப்புக் காரு நிக்கும். உங்களுதா? அட! வேற ஒண்ணும் வேணாம் சார், வாசல்ல ஒரே ஒரு படம். நீங்க சும்மா ஈஸி சேர்ல கால் மேல கால் போட்டு உக்காருங்க, வீட்டம்மாவப் பக்கத்துல நிக்கச் சொல்லுங்க. தலைய மட்டும் நான் மாத்திக்கறேன். ஒரிஜினல் மேல கை வைக்க மாட்டேன், வேற பேர்ல சேவ் பண்றேன்... வாளி ஏதாவது இருந்தா மட்டும் முன்னாலயே எடுத்து உள்ள வச்சுடுங்க, அவன் கண்ணுல பட்டா... இல்ல இல்ல, இருக்கட்டும், வாளி இருந்தாத்தான் நல்லது...

சார்? சார், எங்க போறீங்க? சார்! ரோட்டப் பாத்து ஓடுங்க! போட்டோ வந்துடுச்சு சார், எட்டு காப்பி! ஒத்தச் செருப்ப வேற விட்டுட்டுப் போறீங்களே!

பரவால்ல சார்! அட்ரஸ்தான் இருக்கே! ஞாயித்துக்கிழம காலைல நானே எல்லாத்தையும் வீட்டுக்குக் கொண்டாந்து குடுத்துடறேன், அப்படியே கேமராவையும் எடுத்துக்கிட்டு! வந்துக்கிட்டே இருக்கேன்னு நெனச்சுக்குங்க!