அந்த எட்டு யாருடையது

“வாய வெச்சுக்கினு சும்மா இருந்திருக்கணும்கா. எட்டுன்னு சொல்லிட்டேன்.”

தாமல் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு நர்சுகள். சொன்னவள் இளையவள். மணிக்கட்டை நீவிக்கொண்டே இருந்தாள்.

“எதுக்கு எட்டு?” என்றாள் மூத்தவள்.

“போன வாரம் ஒரு தறிக்காரரு, இதயம் நின்னுப்போய் வந்தாரு. நெஞ்ச அழுத்திக்கினு இருந்தேன். மூச்சுக் குழாயில மெஷின் மாட்டியிருந்துது. வெளிய வர்ற கார்பன் டை ஆக்சைடு எவ்ளோன்னு காட்டும். இதயம் திரும்ப ஓடுனா சட்டுனு நாப்பதுக்குத் தாவும். இவருக்கு எட்டத் தாண்டவே இல்ல. சம்சாரம் கதவுகிட்ட நின்னுக்கினு, மூச்சு இருக்குதாம்மான்னாங்க. எட்டு இருக்குதும்மான்னேன்.”

“அப்புறம்?”

“அரை மணி நேரம் பாத்துட்டு டாக்டர் போதும்னுட்டாரு. எட்டு இருக்கும்போதே கைய எடுத்துட்டாங்கன்னு தெருவெல்லாம் சொல்லிக்கினு இருக்காங்க அந்தம்மா.”

“விளக்கிச் சொல்லேன்.”

“என்னன்னு? அந்த எட்டு அவரு மூச்சே இல்ல, நான் அழுத்துனதுல வந்துதுன்னா?”

“ஆமா. அதத்தான் சொல்லு.”

“சொன்னா, அப்போ நீ ஏன் கைய எடுத்தேன்னு கேப்பாங்கக்கா.”