மணலுக்கடியில் சித்தி

— அந்தப் பொம்மை நான்தான் மேடம். கூடையில என்னை மாதிரி கண்ணாடி போட்டது அது ஒண்ணுதான் இருக்கு. வாராவாரம் பிள்ளை அதைத் தேடி எடுத்து, மணல் தொட்டியில குழி தோண்டிப் போட்டு மூடுறா. இதுக்குப் பேரு விளையாட்டு வைத்தியமா? சொல்லுங்க பாக்கலாம்.

— கதவு வழியா எட்டிப் பாக்க வேணாம்னு சொல்லியிருந்தேனே.

— சொன்னீங்க. மனசு கேக்கலையே. உள்ள என்னை உயிரோட புதைக்கிறா, நான் வெளிய உக்காந்து பேப்பர் புரட்டணுமா?

— குரலைக் கொஞ்சம் இறக்குங்க. வாயால சொல்ல வராததை அவ கையால சொல்லிட்டிருக்கா. முடிக்கட்டும்.

— எனக்குப் பொறுமை போயிடுச்சு மேடம். வீட்டுல தட்டு பறக்குது. ஸ்கூல்ல பக்கத்துப் பிள்ளையைக் கடிச்சு வெச்சிருக்கா. அவங்க அப்பாவைக் கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து "சித்தி, சித்தி"ன்னு என் காலையே சுத்துன பொண்ணு, இப்பக் கிட்ட போனாலே சீறுறா. நான் பெத்தவ இல்லைன்னு இப்பத்தான் ஞாபகம் வந்துச்சாக்கும்!

— வீட்டுல புதுசா ஏதாவது நடந்துச்சா?

— ஒண்ணுமில்லையே.

— சரி.

— அப்படிப் பாக்காதீங்க. நான்... முழுகாம இருக்கேன். அவகிட்ட சொல்லலை, அவ அப்பா சொல்ல வேணாம்னுட்டார். இப்பவே இந்த ஆட்டம் ஆடுறா, தெரிஞ்சா என்ன பண்ணுவாளோ. ஏழு வயசுப் பிள்ளையைப் பாத்து பயப்படுறேன் மேடம். வெக்கமா இருக்கு.

— விளையாட்டு அக்கா! அங்க சித்திதானே பேசுறாங்க? உள்ள வரச் சொல்லுங்க.

— அவங்க வரணுமா குட்டி?

— ம். ஆனா சத்தம் போடாம வரணும்.

— நான் வரலை மேடம். நீங்களே போங்க.

— பக்கத்துலயே இருக்கேன், வாங்க. அவ சொல்றதை மட்டும் செய்ங்க.

— இங்க உக்காருங்க சித்தி. அய்யோ, மணலைத் தொடாதீங்க!

— தொடலைடி... தொடலைம்மா.

— குட்டி அந்த இடத்தை ரெண்டு கையாலயும் நல்லா அழுத்துறா. யாருக்கும் தெரியக் கூடாது போல.

— தெரியவே கூடாது. சித்தி, இந்தாங்க ஆம்புலன்ஸ். உய்ங் உய்ங்னு வரணும். வந்து, "கண்ணாடி போட்டவங்க எங்க?"ன்னு கேக்கணும்.

— உய்ங்... உய்ங்... கண்ணாடி போட்டவங்க எங்க?

— இங்க யாருமே இல்லை! போ! போடா வெளிய!

— மேடம், பிள்ளை இப்படிக் கத்துறாளே. போதும், நிறுத்திடலாம்.

— இருங்க. குட்டிக்கு அந்த வண்டி மேல அவ்வளவு கோபம். கத்தலாம் குட்டி. வண்டியை அந்தத் தலையணை மேல எறியலாம். ஆளுங்க மேல மட்டும் எறியக் கூடாது.

— போ! திரும்ப வராத! போ!

— எறிஞ்சாச்சு. வண்டி கவுந்து கெடக்கு.

— அது மறுபடி எந்திரிக்கும் அக்கா. எனக்குத் தெரியும்.

— கண்ணு, என்னை எதுக்குடா மண்ணுக்குள்ள போட்டே?

— ஒளிச்சு வெச்சிருக்கேன். தினம் காலைல வாந்தி எடுக்குறீங்கல்ல? குழாயைத் தொறந்து விட்டாலும் எனக்குக் கேக்கும். அம்மாவும் அப்படித்தான் எடுத்தாங்க. அப்புறம் வண்டி வந்துச்சு. அம்மாவை யாருமே ஒளிச்சு வைக்கலை.

— அய்யோ, மேடம்...

— இப்ப சொல்லுங்க. உங்க வாயால, உள்ளதைச் சொல்லுங்க.

— கிட்ட வாடா தங்கம். அம்மாவுக்கு வந்த நோய் எனக்கு இல்லை. என் வயித்துல பாப்பா இருக்கு. வாந்தி அதனாலதான். முன்னாடியே உன்கிட்ட சொல்லியிருக்கணும்.

— பாப்பாவா? இப்பவே உள்ள இருக்கா?

— இப்பவே இருக்கு.

— அப்ப இந்தக் குழி பத்தாதே சித்தி. நகருங்க, பெருசாத் தோண்டணும்.